புல் முளைத்த இடம்

தடால் என்ற சத்தத்தில் மேஜை அதிர்ந்தது. டீ கிளாஸ் துள்ளிச் சோடாபுட்டியின் மடியில் கவிழ்ந்தது. பகல் தூக்கத்தில் இருந்தவன் பதறி எழுந்து முதலில் கண்ணாடியைத் தேடினான். கண்ணாடி இல்லாவிட்டால் எதிரே நிற்பது ஆளா, பீரோவா என்று அவனுக்குத் தெரியாது. எடுத்து மாட்டிய பிறகுதான், மேஜை மேல் விழுந்தது ஒரு கோணிப்பை என்பதும், அதைப் போட்டது நடுவயதுப் பெண்மணி ஒருத்தி என்பதும் தெரிந்தது.

"பார்சல் சர்வீஸ் மேல் மாடிங்க," என்றான்.

"துப்பறியற ஆபீஸ் இதுதானே?"

"போர்டுல அப்படித்தான் எழுதியிருக்கு."

"அப்போ சரியான இடத்துக்குத்தான் வந்திருக்கேன்."

குரலில் கோபம் இல்லை, அழுகையும் இல்லை. தட்டவேண்டிய கதவுகளையெல்லாம் தட்டி முடித்துவிட்டு, மிச்சமிருந்த ஒன்றுக்கு வந்து சேர்ந்தவளின் குரல் அது. அதைக் கேட்டுத்தானோ என்னவோ, உள்ளறையிலிருந்து பாஸ் வெளியே வந்தார்.

பாஸ் என்று அந்த அம்மாளைக் கூப்பிடுபவன் சோடாபுட்டி ஒருவன்தான். மற்றவர்களுக்கு அவர் இன்ஷூரன்ஸ் அம்மா. நொறுங்கிப்போன வண்டிகளைப் பார்த்துப் பார்த்து, இது விபத்து, இது நாடகம் என்று கம்பெனிக்குப் பிரித்துச் சொல்லிக்கொண்டிருந்தவர். கம்பெனிக்குப் பிடிக்காத ஒரு உண்மையைச் சொல்லப்போய் வேலை போனது. அதற்குப் பிறகு இந்த ஆபீஸ். ஆபீஸோடு ஒட்டிக்கொண்டவன் சோடாபுட்டி. சம்பளம் ஒழுங்காக வராத வேலைக்கு வாயாவது ஒழுங்காக வேலை செய்யட்டும் என்பது அவன் கட்சி.

பெண்மணி நாற்காலியில் உட்கார்ந்து, யாரும் கேட்காமலே சொல்ல ஆரம்பித்தாள். பல இடங்களில் சொல்லிச் சொல்லிக் கதை மழுமழுவென்று ஆகியிருந்தது. அவள் மருந்துக்கடையில் வேலை பார்க்கிறாள். கணவர் மண் பரிசோதனைக்காரர். கட்டடம் கட்டுகிற இடத்து மண் எவ்வளவு பாரம் தாங்கும் என்று பார்த்துச் சொல்வது அவர் வேலை. மண்ணு சார் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். நகரத்தின் நடுவில் ஒரு பெரிய கட்டடத்துக்காகப் பூமிக்குள் பல தளங்கள் தோண்டுகிறார்கள். தோண்டிய மண்ணை லாரி லாரியாக ஊருக்கு வெளியே ஒரு பள்ளத்தில் கொட்டினார்கள். பள்ளம் நிரம்பி மேடாயிற்று. மேடு வளர்ந்து, அதன் கீழே இருக்கிற வீடுகளை எட்டிப் பார்க்க ஆரம்பித்தது. அந்த மேடு நிற்குமா, சரியுமா என்று பார்த்து வரும் வேலையும் மண்ணு சார் தலையில் விழுந்தது. மழை பிடித்துக்கொண்ட வாரத்தில் ஒரு நாள் காலை, பைக்கை எடுத்துக்கொண்டு மேட்டுக்குப் போனார். திரும்பி வரவில்லை.

பைக் மட்டும் பஸ் நிலையத்தில் நின்றது. மதியமே கிளம்பிவிட்டார் என்று கம்பெனி சொல்லிவிட்டது. எங்கேயோ பஸ் ஏறிவிட்டார் என்று போலீஸ் சொல்லிவிட்டது. வீட்டில் ஏதாவது மனஸ்தாபமா என்று பக்குவமாக விசாரித்துவிட்டு, அதோடு விட்டுவிட்டார்கள். இப்போது மழைக்காலமே முடிந்துவிட்டது.

"அவர் என்னை விட்டுட்டுப் போயிருந்தா போகட்டுங்க," என்றாள். "எங்கயாவது இருந்தா இருக்காருன்னு தெரியணும். இல்லைன்னா இல்லைன்னு தெரியணும். ரெண்டும் தெரியாம, தினமும் கதவுக்குத் தாழ்ப்பாள் போடறதா வேண்டாமான்னு நின்னுக்கிட்டு இருக்கேன்."



கோணிப்பைக்குள் இருந்தது ஒரு பைக்கின் பின்சக்கர மட்கார்டு. பஸ் நிலையத்திலிருந்து வேனில் ஏற்றி வீட்டில் இறக்கிய வண்டியை, விற்றுவிடலாம் என்று கழுவப்போனாளாம். தண்ணீர் எடுத்தாளாம், ஊற்றக் கை வரவில்லையாம். அன்றைக்கு அவர் போன வழியில் ஒட்டிய மண். அவரிடமிருந்து தனக்கு மிச்சம் இருப்பது அதுதானே என்று தோன்றியதும், மெக்கானிக்கைக் கூப்பிட்டுக் கழற்றிக் கொண்டுவந்துவிட்டாள்.

"நல்லவேளை, பைக்குல போனார்," என்றான் சோடாபுட்டி. "லாரியில போயிருந்தா எங்க மேஜை தாங்கியிருக்காது."

பெண்மணியின் உதட்டோரம் லேசாக அசைந்தது. அவ்வளவுதான், ஆனால் சோடாபுட்டி அதைத் தன் கணக்கில் வரவு வைத்துக்கொண்டான்.

பாஸ் மட்கார்டைக் கவிழ்த்துப் போட்டு, உட்புறம் காய்ந்து இறுகிக் கிடந்த மண்ணை ரொட்டி நறுக்குவதுபோல் கத்தியால் நறுக்கினார். ஒரு துண்டை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். தகரத்தை ஒட்டியிருந்த பக்கம் கறுப்பு. அதற்கு அடுத்து, கடைசி வரைக்கும், சுண்ணாம்பைக் குழைத்த மாதிரி வெளிர்மஞ்சள்.

மட்கார்டில் மண் எப்படி ஒட்டும் என்று சோடாபுட்டியைக் கேட்டார். சக்கரம் அடிக்கும், ஒட்டும் என்றான் அவன். முதலில் போன ரோட்டு மண் உள்ளே இருக்கும், கடைசியில் போன ரோட்டு மண் வெளியே இருக்கும், இல்லையா? ஆமாம். உள்ளே இருக்கும் கறுப்பு வீட்டிலிருந்து போன வழி. வெளியே இருக்கும் மஞ்சள் எங்கேயுள்ளது என்று பெண்மணியைக் கேட்டார். மேட்டு மண் என்றாள் அவள், யோசிக்காமல். அவர் துணி துவைக்கும்போது பக்கெட்டில் தங்குவது அதுதான்.

"மேட்டுல இருந்து பஸ் நிலையத்துக்கு எப்படிப்பட்ட ரோடு?"

"தார் ரோடுங்க. பாதி வழி குண்டும் குழியும். மழைன்னா முழங்கால் அளவு கறுப்புச் சேறு."

"அன்னிக்கு மழை."

"ஊத்து ஊத்துன்னு ஊத்துச்சு."

"அந்தச் சேறு இதுல எங்க?"

மூன்று பேரும் மட்கார்டைப் பார்த்தார்கள். மஞ்சளுக்கு மேலே எதுவும் இல்லை. சேறும் இல்லை, சேறு பட்டுக் கழுவின தடமும் இல்லை.

"வண்டி மேட்டுக்குப் போயிருக்கு," என்றார் பாஸ். "அங்கிருந்து பஸ் நிலையத்துக்கு அது ஓடி வரல."

"பறந்துச்சா பாஸ்?"

"லாரி மேல உட்கார்ந்து வந்திருக்கு."

பெண்மணி நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். அப்படியானால் அவர் பஸ் ஏறவில்லை என்று தனக்குள் சொல்வதுபோல் சொன்னாள். இத்தனை நாளும் கணவர் தன்னை விட்டுப் போகவில்லை என்று நிரூபிக்கத்தான் அலைந்தாள். இப்போது நிரூபணம் கிடைத்துவிட்டது. அது கிடைத்ததும்தான், அவர் தன்னை விட்டே போயிருந்தால் தேவலை என்று அவளுக்குத் தோன்றுகிறது என்பதை சோடாபுட்டி அந்த முகத்தில் பார்த்தான்.

மேட்டுக்குள் எப்படி நுழைவது என்று பாஸ் யோசிக்கும்போது, அவளே வழி சொன்னாள். அவளுடைய தம்பி அங்கேதான் பொக்லைன் ஓட்டுகிறான். வேலை வாங்கிக் கொடுத்ததே அவர்தான்.

பாஸின் கார் கிழட்டுக் கார். மேடான இடம் வந்தால் பயணிகள் இறங்கி நடப்பது அதற்குப் பிடிக்கும். வழியெல்லாம் எதிரே காலி டிப்பர் லாரிகள் தடதடவென்று வந்துகொண்டிருந்தன. மண் கொட்டும் வேலை முடிகிற கட்டம் போலிருந்தது.

கேட்டில் தம்பி காத்திருந்தான். பெரிய உடம்பு, அதற்குப் பொருந்தாத சின்னக் குரல். அக்காவைப் பார்த்ததும் தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினான். வெயிலில் ஏன் வந்தாய் என்று கடிந்துகொண்டான். மாமா காணாமல் போனதிலிருந்து ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக, ஊர் ஊராக அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு அலைந்தவன் அவன்தான் என்று காரில் வரும்போதே அவள் சொல்லியிருந்தாள். பிணவறைக்குள் அவளை விடாமல், தான் மட்டும் போய்ப் பார்த்துவிட்டு வந்து இல்லை என்று தலையாட்டுவானாம்.

"இங்க ஒண்ணும் இல்ல மேடம்," என்றான் பாஸிடம். "நான் தினமும் இங்கதானே இருக்கேன்."

அதற்குள் ஒரு சூப்பர்வைசர் குடையைப் பிடித்துக்கொண்டு வந்துவிட்டார். மழை போன பிறகும் குடையை விடாத ஆள். உள்ளே வர யார் அனுமதி கொடுத்தது என்று ஆரம்பித்தார். பாஸ் பழைய அடையாள அட்டையை வேகமாகக் காட்டி, அதைவிட வேகமாக உள்ளே வைத்துக்கொண்டு, மேடு சரிந்து கீழே இருக்கும் வீடுகள் மேல் விழுந்தால் யார் பொறுப்பு என்று ஒரு இன்ஷூரன்ஸ் விஷயமாகப் பார்க்க வந்திருப்பதாகச் சொன்னார். குடை சற்றுத் தாழ்ந்தது.

அந்தக் கவலையே வேண்டாம் என்றார் சூப்பர்வைசர். நாளைக் காலை ரோலர் வருகிறது. மேட்டை நிரவி, அழுத்தி, மேலே சிமென்ட் தளம் போட்டு, கிடங்கு கட்டப்போகிறார்கள். மேடே இல்லாதபோது எங்கிருந்து சரிவது?

பெண்மணி மேட்டின் உச்சியைப் பார்த்தாள். நாளைக்குப் பிறகு இங்கே யாரும் எதையும் தேடமுடியாது என்பதை யாரும் அவளுக்கு விளக்கவேண்டியிருக்கவில்லை.

மண்ணு சாரைப் பற்றிப் பாஸ் போகிறபோக்கில் விசாரித்தார். வந்தார், தண்ணீர் வடிய வழி விடாமல் மண்ணை ஏற்றிக்கொண்டே போகிறீர்கள் என்று கத்தினார், பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டார், நானே பார்த்தேன் என்றார் சூப்பர்வைசர்.

"பைக்கை அவரே ஓட்டிட்டுப் போனாரா?" என்றான் சோடாபுட்டி.

"பின்ன, நானா ஓட்டிட்டுப் போவேன்?"

"இல்ல சார், உங்களுக்குக் கண்ணு இவ்வளவு நல்லா இருக்கேன்னு பொறாமைதான்."

அன்றைக்கு இங்கே மிஷின் ஓட்டியது யார் என்று பாஸ் கேட்டார். அது எப்படி ஞாபகம் இருக்கும் என்றார் சூப்பர்வைசர். பொக்லைன்கள் வாடகைக்கு வருகின்றன. ஆபரேட்டர்கள் இன்றைக்கு ஒருவர், நாளைக்கு ஒருவர். பெயரே தெரியாது. இதோ நிற்கிற இவன் இருந்திருக்கலாம், அதோ மிஷினில் இருக்கிற வழுக்கைத்தலையன் இருந்திருக்கலாம், வேறு யாராவதுகூட இருந்திருக்கலாம்.

மேடு பக்கத்தில் போய்ப் பார்த்தால் இன்னும் பெரிதாக இருந்தது. வெயிலில் வெளிறிப்போய், ஒரு செடி, ஒரு பூச்சி இல்லாமல் கிடந்தது. மழை அதன் உடம்பெங்கும் ஆழமான கோடுகளாக அரித்திருந்தது. அரித்த மண் கீழே வீட்டுச் சுவர்கள் வரை போய்ப் படிந்திருந்தது. அப்படி மழை அரித்த ஓடை ஒன்றின் பள்ளத்தில் நின்றுகொண்டு, வெட்டுப்பட்ட பக்கத்தைப் பாஸ் கையால் தடவிப் பார்த்தார். அடியில் கறுப்பு. நடுவில் சிவப்பு. உச்சியில் மஞ்சள்.

"நகரத்துல தோண்டறப்போ முதல்ல கிடைச்சது கறுப்பு மண்ணு," என்றார். "அது முதல் லாரியில வந்து அடியில விழுந்துச்சு. கடைசியா தோண்டினது ஆழத்துல இருந்த பாறைப்பொடி. அது உச்சியில உட்கார்ந்திருக்கு."

"பூமியையே தலைகீழா நிக்க வெச்சிருக்காங்க," என்றான் சோடாபுட்டி.

"அதான் ஒரு புல்லுகூட இல்ல. இந்தப் பொடி மண்ணா மாற இன்னும் எத்தனையோ தலைமுறை ஆகும்."

மேட்டின் முன்பக்கம் முழுக்க நடந்தார்கள். ஒன்றும் இல்லை. ஏறிப் பார்த்தார்கள். மஞ்சள் பொடியைத் தவிர ஒன்றும் இல்லை. இதற்குள் ஒரு ஆளை எங்கே என்று தேடுவது? ஊரின் வயிற்றையே தோண்டி இங்கே கொட்டியிருக்கிறார்கள். சோடாபுட்டிக்கு நம்பிக்கையே விட்டுப்போயிற்று. மேட்டின் மேல் பெண்மணி நெற்றிக்குக் கையைக் கொடுத்துக்கொண்டு நின்றாள். அவளைச் சிரிக்க வைக்க ஏதாவது சொல்லலாம் என்று திரும்பியவனுக்குக் காலடியில் பொடி நழுவியது. ஓடைக்குள் விழுந்து, உருண்டு, புரண்டு, மறுபக்கத்து அடிவாரத்தில் போய்த்தான் நின்றான்.

பாஸ் விளிம்பில் வந்து அடிபட்டதா என்று கேட்டார்.

"இல்ல பாஸ். மெத்து மெத்துன்னு இருக்கு. புல்லு மேலதான் விழுந்திருக்கேன்."

"எதுமேல?"

"புல்லு பாஸ். பச்சையா இருக்குமே, மாடு சாப்பிடுமே, அது."

பாஸ் சறுக்கிக்கொண்டே இறங்கி வந்தார். புல் முளைத்த அந்த இடம் பெரிய அறை அளவுதான் இருக்கும். அதைச் சுற்றிலும் மஞ்சள் பொட்டல். ஓர் ஓரத்தில் மழைத்தண்ணீர் அரித்து, உள்ளே இருப்பதை வெட்டிக் காட்டியிருந்தது. பாஸ் மண்டியிட்டுப் பார்த்தார். அடியில் மஞ்சள். நடுவில் சிவப்பு. மேலே கறுப்பு. கறுப்பில் வெள்ளை வெள்ளையாய் வேர்கள்.

"இது மட்டும் நேரா இருக்கு," என்றார், குரலைத் தாழ்த்தி.

"நேரா இருந்தா நல்லதுதானே பாஸ்?"

"ஊரே தலைகீழா நிக்கற இடத்துல ஒருத்தன் மட்டும் நேரா நின்னா, அவனைத்தானே முதல்ல விசாரிக்கணும்? இது லாரி கொட்டின மண்ணு இல்ல. மூடின மண்ணு. மேடு இங்க சரிஞ்சிருக்கு. அடியில இருந்த கறுப்பு மண்ணு வெளிய பிதுங்கியிருக்கு. யாரோ அதை அள்ளித் தனியா வெச்சுட்டு, மத்ததைப் போட்டு நிரப்பி, கடைசியா அதை மேல பரப்பியிருக்காங்க. விதையெல்லாம் அந்த மண்ணுலதான் இருந்துச்சு. முளைச்சிடுச்சு."

"குப்பைமேட்டுல எவன் பாஸ் இவ்வளவு மெனக்கெடுவான்?"

"மெனக்கெட்டிருந்தா இந்த இடத்தை மத்த இடம் மாதிரியே ஆக்கியிருப்பான். இது யோசிக்காம பண்ணினது. அவன் கை தானா பண்ணியிருக்கு."

இப்போதே தோண்டச் சொல்லலாமா என்றான் சோடாபுட்டி. பாஸ் வேண்டாம் என்று தலையசைத்தார். அடியில் என்ன இருக்கிறது என்பது தெரிந்துவிட்டது. மூடியது யார் என்பதுதான் தெரியவில்லை. இப்போது தோண்டினால் அது தெரியாமலேயே போகும். ஆள் மாறிக்கொண்டே இருப்பார்கள், யாரோ ஒருவன், பெயர் தெரியாது என்று குடைக்காரர் கையை விரித்துவிடுவார்.

அடியில் என்ன இருக்கிறது என்பது தெரிந்துவிட்டது. எவ்வளவு சாதாரணமாகச் சொல்லிவிட்டார். சோடாபுட்டி மேலே பார்த்தான். பெண்மணி இன்னும் அங்கேயே நின்றுகொண்டு, மேட்டைப் பார்க்காமல், கேட்டுக்கு அப்பால் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். யாராவது வருவதைப் பார்க்கிறவள் போல. சட்டையில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டுக்கொள்ளக்கூட அவனுக்குத் தோன்றவில்லை.

வேலி ஓரத்தில் யாரும் தொடாத பழைய தரை கொஞ்சம் இருந்தது. அங்கே இரண்டு இடத்தில் குழி தோண்டிப் பார்க்க வேண்டும் என்று பாஸ் சூப்பர்வைசரிடம் போய் நின்றார். தரையின் பலம் பார்க்கவாம். சூப்பர்வைசர் வேலி ஓரத்தைப் பார்த்தார், புல் இருந்த பக்கத்தைப் பார்த்தார், மறுபடி வேலி ஓரத்தைப் பார்த்தார். தாராளமாகத் தோண்டிக்கொள்ளுங்கள் என்று பெருந்தன்மையாகச் சொன்னார். இப்போது அங்கே இரண்டு மிஷின்கள் நின்றன. ஒன்றில் வழுக்கைத்தலை ஆபரேட்டர், இன்னொன்றில் தம்பி.

சோடாபுட்டி மனசுக்குள் வழுக்கைத்தலையன் மேல் பந்தயம் கட்டினான். ஆள் முறைப்பும் மீசையுமாக, பார்த்தாலே ஏதாவது ஒரு வழக்கில் சேர்த்துவிடலாம் போலத்தான் இருந்தான். வழுக்கைத்தலையன் வந்தான், அள்ளினான், கறுப்பு மஞ்சள் எல்லாவற்றையும் ஒரே குவியலாகக் கொட்டினான். குழி காலி என்றதும், குப்பையைக் கூட்டித் தள்ளுவதுபோல் மொத்தத்தையும் உள்ளே தள்ளிவிட்டு, பீடி பற்றவைக்கப் போய்விட்டான். பந்தயம் போயிற்று.

அடுத்து தம்பி.

அக்கா மேட்டிலிருந்து இறங்கி வந்து சோடாபுட்டியின் பக்கத்தில் நின்றாள். தம்பி ஏறி உட்கார்ந்ததும் அந்தப் பெரிய உடம்பில் ஒரு நிம்மதி வந்தது. அவன் வாளியை மெல்ல இறக்கி, மேலே இருந்த கறுப்பு மண்ணை மட்டும் தோல் உரிப்பதுபோல் வழித்தெடுத்து இடது பக்கம் வைத்தான். பிறகு ஆழமாக அள்ளி, அந்த மண்ணை வலது பக்கம் குவித்தான். குழியில் எதுவும் இல்லை. மூடச் சொன்னார் பாஸ். வலது பக்கத்து மண் முதலில் உள்ளே போயிற்று. கடைசியில் இடது பக்கத்துக் கறுப்பை அள்ளி, மேலே சீராகப் பரப்பி, வாளியின் முதுகால் தட்டிக்கொடுத்தான். குழந்தையைத் தூங்க வைக்கிற மாதிரி.



"பார்த்தீங்களா, எவ்வளவு நேர்த்தி?" என்றாள் அக்கா. அன்றைக்கு முதல்முறையாக அவள் குரலில் கொஞ்சம் உயிர் வந்திருந்தது. தம்பி முதலில் வேலை பழகியது வயல் நடுவே குழாய் பதிக்கிற இடத்திலாம். மேல்மண்ணைத் தனியாக வைத்து மேலேயே போடாவிட்டால் வயல்காரர்கள் மறுபடி தோண்ட வைத்துவிடுவார்களாம். கை அப்படியே பழகிவிட்டது. வீட்டில் பூந்தொட்டி மாற்றினால்கூட இப்படித்தான் செய்வான். "அவருக்கு இவனைப் பிடிச்சுப்போனதே இதனாலதான். மண்ணுக்கு மரியாதை கொடுக்கறவன்டின்னு சொல்லி, அவரே போய்ப் பேசி இங்க சேர்த்துவிட்டார்."

அவள் பேச்சை நிறுத்த ஒரு ஜோக் போதும். ஒரே ஒரு ஜோக். வாழ்க்கை முழுக்க வாயை வைத்தே பிழைத்தவனுக்கு அந்த நேரத்தில் ஒன்றும் வரவில்லை. பாஸைப் பார்த்தான். பாஸ் தரையைப் பார்த்தார்.

பெண்மணி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு அவள் பார்வை சோடாபுட்டியின் சட்டையில் நின்றது.

"இங்க எல்லார் மேலயும் மஞ்சள்தான் ஒட்டியிருக்கு," என்றாள் மெதுவாக. "உங்க மேல மட்டும் எப்படிக் கறுப்பு? எங்க விழுந்தீங்க?"

அவன் சொல்லவில்லை. ஆனால் கண் போய்விட்டது. கண் போன திசையில் அவள் நடக்க ஆரம்பித்தாள். பாஸ் தடுக்கக் கை நீட்டி, பிறகு நீட்டிய கையை இறக்கிக்கொண்டார். அவள் புல்லை அடைந்தாள். தண்ணீர் அரித்த ஓரத்தைக் குனிந்து பார்த்தாள். மண்ணு சாரோடு குடும்பம் நடத்தியவளுக்கு அதை யாரும் படித்துக் காட்ட வேண்டியதில்லை. மஞ்சள், சிவப்பு, கறுப்பு என்று விரலால் தொட்டுக்கொண்டே மேலே வந்தாள். அந்த விரல் புல்லில் வந்து நின்றது. 

பிறகு, "தம்பி," என்று கூப்பிட்டாள். சத்தமாகக்கூட இல்லை.

பொக்லைனின் என்ஜின் நின்றது. அவ்வளவு பெரிய இடம் திடீரென்று காது அடைத்தது போல் ஆயிற்று. சூப்பர்வைசர் குடையை மடக்கிக்கொண்டு தன் ஜீப்பை நோக்கி நடந்தார், பிறகு ஓடினார். ஆனால் கேட்டுக்குக் குறுக்கே வழுக்கைத்தலையன் தன் மிஷினைக் கொண்டுபோய் நிறுத்திவிட்டிருந்தான். அவனை யாரும் கேட்டுக்கொள்ளவில்லை. பாஸ் போனை எடுத்துப் போலீஸுக்குப் பேச ஆரம்பித்தார்.

தம்பி வந்து புல்லுக்கு வெளியே நின்றான். உள்ளே கால் வைக்கவில்லை. அதைப் பார்த்ததுமே அவளுக்கு மிச்சமிருந்த சந்தேகமும் போயிருக்கும்.

அடித்தாயா, யாராவது அடித்தார்களா என்று அவள் கேட்டாள். யாரும் மாமாவைத் தொடவில்லை என்றான். திக்கித் திக்கி, சின்னக் குரலில், மீதியைச் சொன்னான். மழை ஊற்றிக்கொண்டிருந்தது. மாமா இங்கே நின்று விரிசலைப் பார்த்துக்கொண்டு, இனி ஒரு லாரிகூடக் கொட்டக்கூடாது என்று மேலே பார்த்துக் கத்தினார். மேலே ஒரு டிப்பர் பின்பக்கமாக வந்து கொட்டியது. மேடு அப்படியே மாமா மேல் உட்கார்ந்துவிட்டது. அவன் மிஷினில் இருந்தபடி பார்த்தான். சூப்பர்வைசர் ஓடி வந்தார். கம்பெனிக்குப் போன் போட்டார், நெடுநேரம் பேசினார். வெளியே தெரிந்தால் வேலை நின்றுபோகும், எல்லோரும் ஜெயிலுக்குப் போவோம், அவ்வளவு மண்ணுக்கு அடியில் இனி யார் உயிரோடு இருக்கப்போகிறார்கள் என்றார். பைக்கை டிப்பரில் ஏற்றி அனுப்பினார்கள்.

சோடாபுட்டி கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். எதிரே நின்றவர்கள் இரண்டு கலங்கிய நிழல்களாக ஆனார்கள். அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டான். காதுக்கு அந்த வசதி இல்லை.

"அவர் போன் பேசி முடிக்கற வரைக்கும் நீ என்ன பண்ணினே?" என்று கேட்டாள் அக்கா.

"மிஷின்லதான் உட்கார்ந்திருந்தேன்."

"என்ஜின் ஓடிக்கிட்டு இருந்துச்சா?"

ஆமாம் என்று அவன் தலையை ஆட்டினான்.

"மிஷின் உன் கையில இருந்துச்சேடா. அத்தனை நேரம் இருந்துச்சே. மேல இருக்கற மண்ணை நீ தோண்டி எடுத்திருக்கலாமே."

தம்பி தன் இரண்டு கைகளையும் குனிந்து பார்த்தான்.

"தோண்டுன்னு யாரும் சொல்லலக்கா. மூடுன்னுதான் சொன்னாங்க."